தங்கவயலுக்கு வரும் வெள்ளி

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போயிருந்தது. ஊர் இருப்பதோ கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில். கழித்துப் பார்த்தால், அடிமட்டத்தில் வேலை செய்தவர்கள் கடல் மட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே நின்று பாறை உடைத்திருக்கிறார்கள். வங்கக் கரையோரத்தில் நெத்திலி நீந்தும் தண்ணீரின் ஆழம் பத்து, இருபது, மிஞ்சிப் போனால் ஐம்பது மீட்டர். கடலையே பார்க்காத தொழிலாளி மீனைவிடப் பலமடங்கு ஆழத்துக்கு இறங்கி, ஷிஃப்ட் முடிந்து ஏறி வந்து, ராத்திரிச் சாப்பாட்டில் அந்த மீனைக் குழம்பாகச் சாப்பிட்டார்.

ஊரின் பாறைக்கும் கடலுக்கும் அதைவிடப் பழைய உறவு ஒன்று உண்டு. தங்கவயலுக்குப் பக்கத்தில் பெத்தபள்ளி என்ற இடத்தில் 'தலையணை லாவா' என்று புவியியலார் சொல்லும் எரிமலைப் பாறை இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. எரிமலைக் குழம்பு தண்ணீருக்குள்ளே பீறிட்டு, வெளித்தோல் சட்டென்று உறைந்து உருண்டால்தான் அந்த வடிவம் வரும். அதாவது, சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த இடம் நீருக்கடியில் இருந்தது. அந்த நீரில் மீன் கிடையாது, நுண்ணுயிர்கள் மட்டும்தான். முதல் மீன் தோன்ற இன்னும் 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது. மீன் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது அதற்கும் ரொம்பப் பிறகு, மூட்டையில், கருவாடாக.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தைக் கையில் எடுத்தபின், வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்து லைன் வீடுகளில் குடியேறின. கோலார் ராகி விளையும் சீமை. களி கிண்டினால் அதற்குத் தொட்டுக்கொள்ளக் காரசாரமாக ஏதாவது வேண்டும். கடலோ 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஐஸ் இல்லாத காலத்தில் பச்சை மீன் அவ்வளவு தூரம் வராது, வந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வாங்க வேண்டியிருக்கும். நெத்திலிக் கருவாடு வந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டு, ஊரில் பலர் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் இந்தக் காலத்திலும் கருவாட்டு வியாபாரம் மட்டும் நிற்கவில்லை.

இந்த ஊருக்குக் கடலோடு இன்னொரு தொடர்பும் இருக்கிறது. தங்கவயலுக்குக் குடிநீர் கொடுத்துவந்த பேத்தமங்கலம் ஏரி, பாலாற்றின் குறுக்கே இருக்கும் ஏரி. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு கோலார் சீமையைத் தாண்டி, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு என்று இறங்கி, கல்பாக்கத்துக்கு அருகே வாயலூரில் கடலில் சேர வேண்டும். 'வேண்டும்' என்று சொல்லக் காரணம், பெரும்பாலான ஆண்டுகளில் அது சேர்வதில்லை. ஆற்றின் மேல்முனையில் குழாய்த் தண்ணீர், கீழ்முனையில் நெத்திலி. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் மீனைப் பார்ப்போம்.

நெத்திலி ஒரே ஒரு மீன் இனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கால் கிலோ கருவாட்டில் இரண்டு மூன்று இனங்கள் கலந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உலகத்தில் இந்தக் குடும்பத்தில் 150-க்கும் மேற்பட்ட இனங்கள். நம் கரையில் நெத்திலி என்று விற்பவை பெரும்பாலும் ஸ்டோலெஃபோரஸ், என்க்ராசிகோலினா என்ற இரண்டு பேரினங்களைச் சேர்ந்தவை. சற்றுப் பெரிதாய், தட்டையாய், முள் அதிகமாய் இருக்கும் பொருவாவும் இதே குடும்பம்தான். பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் உருப்பெருக்கி வேண்டும். மேல்தாடை எலும்பின் பின்முனை எதுவரை நீள்கிறது, வயிற்றின் அடியில் ஊசி போன்ற முட்செதில்கள் எத்தனை, முதுகில் கரும்புள்ளி வரிசை ஒன்றா இரண்டா என்றெல்லாம் எண்ண வேண்டும். ஹாதா, மோட்டோமுரா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் அருங்காட்சியகங்களில் புட்டிக்குள் கிடக்கும் பழைய மாதிரிகளையும் புதிதாகப் பிடித்தவற்றையும் இப்படி எண்ணி எண்ணி, கடந்த சில ஆண்டுகளில் மட்டும் ஸ்டோலெஃபோரஸ் பேரினத்தில் பல புதிய இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தினமும் தின்கிற மீனுக்கு இன்னும் பெயர் வைத்து முடியவில்லை.

நம் கரையோரத்திலும் உவர்நீர்க் கழிகளிலும் கூட்டமாகத் திரியும் முக்கியமான இனம் ஸ்டோலெஃபோரஸ் கமர்சோனி. வளர்ந்தால் பத்து சென்டிமீட்டர். 1803-இல் பிரான்சின் லாசெபீட் அதற்குப் பெயர் சூட்டினார். பெயருக்கு உரிய ஃபிலிபேர் கமர்சோன், புகன்வில் என்ற கப்பல் தலைவரோடு உலகம் சுற்றப் புறப்பட்ட தாவரவியலாளர். 1773-இல் மொரீஷியஸில் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளையும் படங்களையும் வைத்துத்தான் லாசெபீட் எழுதினார். கமர்சோனின் உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலேறிய ழான் பாரே, உலகத்தைச் சுற்றிவந்த முதல் பெண் என்று பின்னாளில் அறியப்பட்டார். மீனுக்கு அவர் பெயரை வைத்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும் என்பது என் கட்சி.

உயிரோடு இருக்கும் நெத்திலியின் சதை கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஒரு வெள்ளிப் பட்டை. செத்ததும் சதை வெளுத்துவிடும்; பட்டை மட்டும் கருவாடான பிறகும் மினுங்கும். அந்த மினுமினுப்பில் உலோகம் துளியும் கிடையாது. அது குவானின் என்ற பொருளின் படிகம். மீனின் தோலில் இருக்கும் சில செல்கள் குவானினை மிக மெல்லிய தகடுகளாக வளர்த்து, இடையில் செல் நீர் விட்டு, அப்பளக் கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றன. ஒவ்வொரு தகட்டின் கனமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரு தகடு தனியாக வெளிச்சத்தில் கொஞ்சத்தைத்தான் திருப்பும். அடுக்கில் ஒவ்வொரு தகடும் திருப்பியனுப்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கைகோத்து வலுவாகிவிடுவதால் மொத்த அடுக்கும் கண்ணாடியாகிறது.

கடலுக்குள்ளே கண்ணாடி அணிந்தவனைப் பார்க்க முடியாது. பக்கத்தில் இருந்து வரும் மங்கலான நீலத்தை அப்படியே திருப்பியனுப்பினால், பார்க்கிறவனுக்குப் பின்னால் இருக்கும் நீலம்போலவே முன்னாலும் தெரியும். மீன் நடுவில் காணாமல் போய்விடும். இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒளி சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வு ஒரே திசைக்கு ஒழுங்குபட்டுவிடும். கூடவே, குறிப்பிட்ட சாய்வுக் கோணத்தில் கண்ணாடியின் திறனும் குறையும். அந்தக் கோணத்தில் மீன் காட்டிக்கொடுக்கப்படும். இந்தச் சிக்கலை மீன்கள் எப்படித் தாண்டின என்பதை 2012-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் நெத்திலியின் உறவினர்களான மத்தி, ஹெர்ரிங், ஸ்பிராட் மீன்களில் கண்டுபிடித்தார்கள். தோலில் ஒரே வகைக் குவானின் படிகம் இல்லை. ஒளியியல் குணத்தில் மாறுபட்ட இரண்டு வகைகள் கலந்திருக்கின்றன. ஒன்று கைவிடும் கோணத்தில் இன்னொன்று கைகொடுக்கிறது.

குவானின் நமக்கும் சொந்தம். மரபணுவை எழுதும் நான்கு எழுத்துகளில் ஒன்று அது. அதை முதன்முதலில் 1844-இல் பிரித்தெடுத்தவர் உங்கர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். எதிலிருந்து? தென் அமெரிக்கக் கரையிலிருந்து உரத்துக்காகக் கப்பல் கப்பலாக ஏற்றிவந்த குவானோ என்ற கடற்பறவை எச்சத்திலிருந்து. பெரு நாட்டுக் கரையின் அந்தப் பறவைகள் தின்றது நெத்திலியின் அந்த ஊர் உறவினரான ஆன்சோவெட்டாவை. மீன் செதிலிலிருந்து இந்தப் பளபளப்பை வழித்தெடுத்து போலி முத்துக்குப் பூசும் வித்தை 17-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் நடந்தது. பிற்காலத்தில் நகப்பூச்சிலும் சேர்த்தார்கள்.

கண்ணாடி உடம்பை மறைக்கிறது என்றால், கண் மற்றவர்களின் மறைவை உடைக்கிறது. நெத்திலியின் இரை பெரும்பாலும் கோப்பிபாட் போன்ற மிதவை உயிரிகள், நெத்திலியைவிடக் கண்ணாடித்தனமானவை. நம் கண்ணின் ஒளியுணரும் செல்களில் சவ்வுத் தட்டுகள் ஒளி வரும் வழிக்குக் குறுக்கே அடுக்கியிருக்கும். நெத்திலிக் குடும்பத்து மீன்கள் சிலவற்றின் கூம்புச் செல்களில் அந்தத் தட்டுகள் ஒளியின் வழிக்கு நெடுகவே நிற்கின்றன. அதனால் ஒளியின் அதிர்வு எந்தத் திசையில் என்பதை அந்தக் கண் உணர முடியும். முதுகெலும்புள்ள பிராணிகளில் இது வெகு அபூர்வம். உடலே தெரியாத கோப்பிபாட், தன்வழியாகப் போகும் ஒளியின் அதிர்வுத் திசையைக் கொஞ்சம் கலைத்துவிடுவதால் இந்தக் கண்ணுக்கு அகப்படும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அமெரிக்கக் கரை நெத்திலிகளை வைத்து 1970-களிலேயே இந்த விழித்திரையைப் படம்பிடித்துவிட்டார்கள்.

காதும் லேசுப்பட்டதில்லை. மத்தி, நெத்திலி வகையறாவில் காற்றுப்பையிலிருந்து ஒரு மெல்லிய குழல் முன்னே ஓடி, உட்காதை ஒட்டிய இரண்டு காற்றுக் குமிழ்களில் முடிகிறது. நீரின் அழுத்தம் துளி மாறினாலும் குமிழ் சுருங்கி விரிந்து காதுக்குச் சொல்லிவிடும். தலையில் இருக்கும் பக்கக்கோட்டுப் புலனோடும் அதற்குத் தொடர்பு. பக்கத்து மீன் திரும்பியது கண்ணுக்குத் தெரிகிறது, அது தள்ளிய நீர் தலைக்குத் தெரிகிறது, எழுப்பிய சலனம் காதுக்கு வருகிறது. ஆயிரக்கணக்கான மீன்கள் தலைவன் இல்லாமலே ஒன்றாகத் திரும்புவது இப்படித்தான். இருட்டியதும் கூட்டம் தளர்ந்து கலையும். வெளுக்கும்போது மறுபடி சேரும். இதெல்லாம் போதாதென்று மூக்கு நுனிக்குள் இன்னொரு புலனுறுப்பும் இருக்கிறது. நெத்திலிக் குடும்பத்துக்கு மட்டுமே உரிய அந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பது விஞ்ஞானிகளுக்கு இன்றும் முடிவாகவில்லை.

சாதுவான மீன் என்று முடிவு கட்டுவதற்குள் ஒரு வரி சொல்ல வேண்டும். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, பாகிஸ்தானில் கிடைத்த புதைபடிவம் ஒன்றையும் பெல்ஜியத்தில் கிடைத்த இன்னொன்றையும் ஸ்கேன் செய்து, இரண்டும் நெத்திலியின் பழைய உறவுகள் என்று காட்டியது. நாலரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் பாகிஸ்தான் மீன் ஒரு மீட்டர் நீளம் இருந்திருக்கலாம். மேல்வாயில் ஒற்றைக் கோரைப்பல், வாள் மாதிரி. அது கோப்பிபாட் தின்ற வாய் இல்லை. டைனோசர்கள் அழிந்தபின் கடலில் காலியான பெருமீன்களின் இடத்தைப் பிடிக்க நெத்திலி வம்சமும் ஒரு கை பார்த்திருக்கிறது. அந்தக் கிளை நிலைக்கவில்லை. பத்து சென்டிமீட்டர் கிளைதான் தங்கியது.

தங்கியதற்குக் காரணம் வேகம். நெத்திலியின் முட்டை மற்ற மீன் முட்டைபோல் உருண்டையாக இல்லாமல் நீள்வட்டமாக, நீரில் மிதக்கும். சில இனங்களில் ஒரு முனையில் சின்னக் குமிழ்கூட இருக்கும். நம் கடலின் சூட்டில் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிந்துவிடும். சில மாதங்களில் முட்டையிடும் வயது வந்துவிடும். ஒன்றிரண்டு வருஷத்துக்குமேல் வாழ்வது அபூர்வம். சுறா, வஞ்சிரம், சூரை, கடற்பறவை என்று தின்கிறவர்கள் பட்டியல் நீளம். பட்டியல் நீளமானால் பிள்ளைப்பேறும் விறுவிறுவென்று நடக்க வேண்டும்.

இவ்வளவு சின்ன ஆயுளை ஆய்வாளர்கள் எப்படி அளக்கிறார்கள்? மீனின் உட்காதில் மூன்று ஜோடி செவிக்கற்கள் இருக்கின்றன. சமநிலைக்கும் கேட்பதற்கும் உதவும் சுண்ணாம்புக் கல். பெரிய ஜோடி, நெத்திலியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். மீன் வளர வளரக் கல்லின்மேல் சுண்ணாம்பு படிகிறது. பகலுக்கு ஒரு மாதிரி, இரவுக்கு ஒரு மாதிரி. 1971-இல் பன்னெல்லா என்பவர் இந்தப் படிவு நாளுக்கு ஒரு வளையமாக விழுவதைக் கவனித்துச் சொன்னார். அதற்கு முன்பு மீனின் வயதை ஆண்டுக் கணக்கில்தான் பார்ப்பார்கள். அதன்பின் நாள் கணக்கில் பார்க்க முடிந்தது. வளையம் அகலமாயிருந்தால் அன்றைக்கு மீனுக்கு நல்ல சாப்பாடு. நெருக்கமாயிருந்தால் பட்டினி.

கல்லில் வளையத்தோடு வேறொன்றும் பதிகிறது. சுண்ணாம்பில் கால்சியத்துக்குப் பதில் எப்போதாவது ஸ்ட்ரான்ஷியமோ பேரியமோ உட்கார்ந்துகொள்ளும். கடல்நீரில் ஸ்ட்ரான்ஷியம் அதிகம், ஆற்றுநீரில் பொதுவாகப் பேரியம் கூடுதல். வளையம் வளையமாக இரண்டின் விகிதத்தைப் பார்த்தால், இன்ன வயதில் இந்த மீன் கழிமுகத்துக்குள் வந்தது, இன்ன வயதில் திரும்பிக் கடலுக்குப் போனது என்று சொல்லிவிடலாம்.

கழிமுகத்துக்குள் வருவது சாதாரண வேலை இல்லை. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. மீனின் ரத்தத்தில் அதில் மூன்றிலொரு பங்குதான். அதனால் கடலில் இருக்கும் மீனின் உடம்பிலிருந்து தண்ணீர் ஓயாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். மீன் கடல்நீரைக் குடித்து ஈடுகட்டி, கூடவே வந்த உப்பைச் செவுளில் இருக்கும் தனிச் செல்கள் வழியாக வெளியே தள்ளுகிறது. ஆற்றுநீர் கலந்து உப்புக் குறைந்ததும் கணக்கு தலைகீழாகத் திரும்பும்: குடிப்பதை நிறுத்த வேண்டும், உப்பை இறைத்தவன் உப்பைச் சேர்க்க வேண்டும், சிறுநீரகம் நீரை வெளியேற்ற வேண்டும். அலை ஏறும்போது ஒன்று, வடியும்போது இன்னொன்று. இத்தனை சிரமப்பட்டு ஏன் வருகிறது என்றால், கழிமுகத்தில் சாப்பாடு அதிகம், பெரிய மீன் குறைவு. குஞ்சுகள் தேறும் இடம் அது.

சாப்பாடு எங்கிருந்து வருகிறது? ஆறு மண்ணையும் சத்தையும் இறக்குகிறது. அதில் டயாட்டம் போன்ற மிதவைப் பாசி பெருகுகிறது, பாசியைக் கோப்பிபாட் தின்கிறது, கோப்பிபாட்டை நெத்திலி. ஆறு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் எகிப்து. 1962-இல் நைல் முகத்துவாரத்துக்கு வெளியே சுமார் 18,000 டன் மத்தி பிடித்தார்கள். அஸ்வான் அணை நைலின் வெள்ளத்தைத் தடுத்த சில ஆண்டுகளிலேயே பிடிப்பு ஆயிரம் டன்னுக்கும் கீழே விழுந்தது. பிற்பாடு மீன் கொஞ்சம் மீண்டது. உரமும் ஊர்ச் சாக்கடையும் கடலுக்குள் போய் ஆற்றின் வேலையைச் செய்ததால் என்கிறார்கள். மீள்வதற்கு அது நல்ல வழி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பாலாறு நைல் இல்லை. அது என்றைக்குமே பருவமழைக்கு மட்டும் ஓடும் ஆறு. அதன் தண்ணீர்ச் சண்டைக்கு 1892-இல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட ஒப்பந்தம் வரை வயது உண்டு. பேத்தமங்கலத்தில் ஒரு பங்கு, ஆந்திரத்தின் தடுப்பணைகளில் ஒரு பங்கு, கீழே ஆற்று மணலோடு போனது ஒரு பங்கு, தோல் தொழிற்சாலைக் கழிவில் கெட்டது ஒரு பங்கு. 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்து கரைபுரண்டு கடல்வரை ஓடியபோது, ஆற்றில் தண்ணீர் பார்ப்பதற்கென்றே சனங்கள் பாலங்களில் கூடினார்கள். ஓட்டம் இல்லாத ஆண்டுகளில் கடல் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைத்துவிடுகிறது. அடைபட்ட கழிமுகத்துக்குள் குஞ்சு வர வழியில்லை. வடக்கே பழவேற்காட்டு மீனவர்கள் முகத்துவாரத்தைத் தூர்வாருங்கள் என்று வருஷா வருஷம் மன்றாடிவந்ததும் இதே காரணத்துக்குத்தான். தங்கவயல்காரர் குழாயைத் திருகும்போது வாயலூர் நெத்திலியை நினைக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் குழாயிலேயே பல நாள் தண்ணீர் வருவதில்லை. ஆனால் ஆற்றுப் பங்கீடு பேசும் கூட்டங்களில் விவசாயம், குடிநீர், தொழிற்சாலை என்று மூன்று நாற்காலிதான் போடுகிறார்கள். நாலாவதாகக் கடலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பேச யாராவது ஒருவர் வேண்டும்.

மீன் ஆற்றை மட்டும் நம்பியும் இல்லை. 1970-களில் ஐ.நா. உதவியோடு கொச்சியில் இருந்துகொண்டு நடத்திய ஆய்வு ஒன்று, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கரையின் நெத்திலிக் கூட்டம் தெற்கே நகர்ந்து, குமரிமுனையைச் சுற்றி மன்னார் வளைகுடாப் பக்கம் குவிவதைக் காட்டியது. அந்த மாதங்களில் மலபார்க் கரையில் ஆழத்து நீர் மேலேறும். அதில் பிராணவாயு குறைவு. மூச்சுக்கு வழிதேடி மீன் இடம் மாறுகிறது, தூத்துக்குடிப் பக்கம் மடி கனக்கிறது.

கரைக்கு வந்த நெத்திலியை வயிறு கீறாமல், உப்புக்கூடப் போடாமல் வெயிலில் பரப்பினாலே போதும். உடம்பு அவ்வளவு மெல்லிசு. நல்ல வெயிலில் ஒன்றிரண்டு நாளில் காய்ந்துவிடும். நாலைந்து கிலோ பச்சை மீன் ஒரு கிலோ கருவாடாகும். மணலில் நேராகக் கொட்டினால் பல்லில் நறநறக்கும். பரண் கட்டியோ சிமென்ட் களத்திலோ காயவைத்தது விலை கூடினாலும் அதுதான் வாங்கத் தகுந்தது. மலேசியாவில் 'ஈக்கான் பிலிஸ்' செய்கிறவர்கள் பிடித்த கையோடு படகிலேயே உப்புநீரில் கொதிக்கவைத்து, அப்புறம் காயவைக்கிறார்கள். இந்த வித்தியாசத்தின் அடியில் ஒரு வேதியியல் இருக்கிறது.

மீன் இறந்ததும் தசையில் ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி என்ற பொருள் உடையத் தொடங்குகிறது. நடுவழியில் இனோசினேட் என்ற பொருளாக நிற்கும். விட்டுவிட்டால் அதுவும் உடைந்து கசப்பாகும். வெயிலோ கொதிநீரோ சீக்கிரம் வேலை செய்தால் இனோசினேட் நிலையிலேயே நிறுத்திவிடலாம். அதுதான் ருசி. 1908-இல் இக்கேதா என்ற ஜப்பானியர் கடற்பாசிச் சாற்றின் ருசி குளூட்டமேட்டிலிருந்து வருவதைக் கண்டார். 1913-இல் அவரிடம் பயின்ற கொடாமா காய்ந்த சூரை மீனின் ருசி இனோசினேட் என்றார். இரண்டும் சேர்ந்தால் நாக்குக்குத் தெரியும் ருசி கூட்டுத்தொகையைவிடப் பலமடங்கு என்பது பிற்பாடு நிறுவப்பட்டது. தக்காளியில் குளூட்டமேட் நிறைய. தங்கவயல் வீட்டில் நெத்திலியைச் சுடுநீரில் அலசி, தலை கிள்ளி, தக்காளியும் கத்தரிக்காயும் போட்டுக் கொதிக்கவைக்கும் அம்மாவுக்கு இக்கேதாவைத் தெரியாது. கணக்கு ஒன்றுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. வெள்ளிப் பட்டையின் குவானின், ருசியின் இனோசினேட், தசையின் ஏடிபி ஆகிய மூன்றும் பியூரின் என்ற ஒரே வேதிக் குடும்பம். அந்தக் குடும்பத்தை நம் உடம்பு உடைத்தால் யூரிக் அமிலம் வரும். கட்டைவிரல் மூட்டு வீங்கிக் காலைத் தரையில் வைக்கமுடியாமல் போகிறவரிடம் டாக்டர் முதலில் நிறுத்தச் சொல்லும் பட்டியலில் நெத்திலி இருப்பது இதனால்தான். மற்றவர்களுக்குப் பயமில்லை, முள்ளோடு தின்பதால் கால்சியமும் சேர்ந்து வரும். ராகியில் ஏற்கெனவே 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. களியும் நெத்திலிக் குழம்பும் சேர்ந்தது, பால் வாங்கக் கட்டாத வீட்டுக்கு எலும்புச் சாப்பாடு.

நெத்திலி தட்டுக்கு வராமல் போவதும் உண்டு. பெருவில் 1970-இல் 1.2 கோடி டன்னுக்கு மேல் ஆன்சோவெட்டா பிடித்தார்கள். கிட்டத்தட்ட அத்தனையும் தீவனத்துக்குப் பொடியாகப் போனது. எல் நினோவும் மிதமிஞ்சிய பிடிப்பும் சேர்ந்து 1973-இல் அது 20 லட்சம் டன் அளவுக்குச் சரிந்தது. நம் மேற்குக் கரையிலும் மீன்தூள் ஆலைகள் இருக்கின்றன. பொடி மீன் கோழிக்கும் இறாலுக்கும் தீவனமாகிறது. ஒரு கிலோ தூளுக்கும் நாலைந்து கிலோ மீன் வேண்டும். அதே நாலைந்து கிலோ கருவாடானால் களிக்குத் தொட்டுக்கொள்ள ஆகும். இரண்டில் எது தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கடைசியாக, தங்கவயலில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கருவாடானாலும் செவிக்கல் கெடுவதில்லை. கிள்ளி எறியும் தலைகளை வெந்நீரில் ஊறவைத்து, உச்சியில் பிளந்து, இடுக்கியாலோ ஊசியாலோ மூளைக்கு இருபுறமும் தேடினால் வெள்ளையாகக் கிடைக்கும். கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கல்லூரி நுண்ணோக்கியில் 400 மடங்கு பெருக்கிப் பாருங்கள். வளையங்களை எண்ணி, கருவாடு எந்த மாதம் வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டுக் குறித்து வைத்தால், எந்தப் பருவத்து மீன் எத்தனை நாள் வாழ்ந்தது என்பதற்கு உங்களிடம் ஓர் அட்டவணை உருவாகும். கடலுக்குப் போக வேண்டியதில்லை. செலவு, கால் கிலோ நெத்திலி.